ஊதச் சொன்னால் என்ன செய்வது? குடித்துவிட்டு ஓட்டிய வழக்கும் சலானும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சென்னையில் வக்கீல். டிரங்க் அண்ட் டிரைவ் வழக்குகள் பற்றி வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளை அப்படியே வைத்து, பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். அடிப்படை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 2019 திருத்தத்துடன். உயர்த்தப்பட்ட அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. பிரிவு எண்களைக் கூடவே தருகிறேன். உங்கள் சலானிலோ சம்மனிலோ அந்த எண்தான் இருக்கும்.

1. எவ்வளவு குடிச்சா கேஸ்? ஒரே ஒரு பீர்தான் சார் குடிச்சேன்!

100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 185-வது பிரிவின்படி குற்றம். நிதானமாக ஓட்டினீர்களா, வண்டி ஆடியதா என்பதெல்லாம் இந்தப் பிரிவுக்குத் தேவையில்லை. எண்தான் பேசும். காருக்கும் லாரிக்கும் ஸ்கூட்டருக்கும் ஒரே எண்.

650 மி.லி. பாட்டிலில் 5 சதவீத பீர் என்றால் அதில் சுமார் 25 கிராம் ஆல்கஹால். எழுபது கிலோ எடையுள்ள ஆண் அதை வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்தால் அளவு 50 மி.கி.யைத் தொட்டுவிடும். எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் இன்னும் ஏறும். ஆகவே "ஒரே ஒரு பீர்" என்று கோர்ட்டில் சொல்வது பல சமயம் வாதமாக இருக்காது, ஒப்புதல் வாக்குமூலமாகத்தான் இருக்கும்.

2. ராத்திரி குடிச்சேன், தூங்கி எந்திரிச்சு காலையில ஆபீஸ் போகும்போது பிடிச்சாங்க. இது நியாயமா?

நியாயமோ இல்லையோ, சட்டப்படி சரி. ஓட்டும் நேரத்தில் ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்பதுதான் கணக்கு. எப்போது குடித்தீர்கள் என்பது அல்ல. உடம்பு மணிக்குச் சுமார் 15 மி.கி. வீதம்தான் ஆல்கஹாலைக் குறைக்கும். 42.8 சதவீதம் ஆல்கஹால் உள்ள ஒரு குவார்ட்டர், அதாவது 180 மி.லி., மேலே சொன்ன எழுபது கிலோ ஆளின் ரத்தத்தில் 120 மி.கி.க்கு மேல் கொண்டுபோகும். அது 30-க்கு இறங்க ஆறு, ஏழு மணி நேரம் வேண்டும். இரண்டு குவார்ட்டர் என்றால் மறுநாள் மதியம்கூட ஆகிவிடும்.

மோர், எலுமிச்சைச் சாறு, தலைக்குக் குளியல், பில்டர் காபி எதுவும் கல்லீரலின் வேகத்தைக் கூட்டாது. தூக்கம் போகும், எண் அப்படியே நிற்கும்.

3. மாட்டினா எவ்வளவு? அங்கேயே கட்டிட்டுக் கிளம்பிடலாமா?

முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த தடவை 15,000 ரூபாய், அல்லது இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன்னால் முதல் தடவைக்கு 2,000 ரூபாய் வரைதான் இருந்தது. பழைய ஆட்கள் இன்னும் அந்தக் கணக்கிலேயே பேசுகிறார்கள்.

ரோட்டில் கட்டி முடிக்க முடியாது. ஹெல்மெட், சீட் பெல்ட், போன் பேசியபடி ஓட்டுதல் போன்றவற்றை 200-வது பிரிவின்படி அதிகாரியிடமே அபராதம் கட்டி முடிக்கலாம். அந்தப் பட்டியலில் 185 கிடையாது. இது கோர்ட்டுக்குப் போயே ஆகவேண்டிய வழக்கு. ரோட்டோரத்தில் யாராவது "நான் முடிச்சுத் தர்றேன்" என்றால் அந்தப் பணத்துக்கு அபராதம் என்று பெயர் இல்லை.

4. ஊத மாட்டேன்னு சொல்றது என் உரிமைதானே? நெட்ல அப்படித்தான் போட்டிருக்கு.

மறுத்தால் நிலைமை மோசமாகும். குடித்திருக்கிறீர்கள் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்து நீங்கள் ஊத மறுத்தால், வாரண்ட் இல்லாமல் கைது செய்ய 203-வது பிரிவு அனுமதிக்கிறது. அதன்பின் ஸ்டேஷனில் டாக்டர் மூலம் ரத்தம் எடுக்க 204-வது பிரிவு இருக்கிறது. தகுந்த காரணம் இல்லாமல் மறுத்தது நிரூபணமானால், அதையே போலீஸ் தரப்புக்கு ஆதரவான சூழ்நிலையாக எடுத்துக்கொள்ளலாம் என்று 205 சொல்கிறது. மறுத்தவருக்கு எண்ணும் சாதகமாக இல்லை, அனுமானமும் எதிராக இருக்கும்.

"எனக்கு எதிராக நானே சாட்சி சொல்ல வேண்டியதில்லை" என்ற அரசியலமைப்பு வாதமும் இங்கே எடுபடாது. கைரேகை போன்ற உடல் சார்ந்த மாதிரிகளைத் தருவது தனக்கு எதிராகச் சாட்சி சொல்வதாகாது என்று உச்ச நீதிமன்றம் காத்தி காலு ஓகாட் வழக்கில் 1961-லேயே சொல்லிவிட்டது. "தகுந்த காரணம்" என்பதில் உண்மையான நோய் அடங்கும். கடும் ஆஸ்துமா உள்ளவர் ஊத முடியவில்லை என்றால் அதை அங்கேயே சொல்லி, ரத்தப் பரிசோதனைக்குச் சம்மதம் தெரிவிக்க வேண்டும்.

5. நான் நேராதான் வந்தேன். யார் வேணா நிறுத்தி ஊதச் சொல்லலாமா?

சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரியோ மோட்டார் வாகனத் துறை அதிகாரியோ சொல்லலாம். பொது இடமாக இருக்க வேண்டும், சந்தேகத்துக்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும். பேரிகேட் போட்டு எல்லாரையும் வரிசையாக ஊதச் சொல்வது இந்தக் கடைசி நிபந்தனைக்குப் பொருந்துமா என்று வாதிடலாம்தான். ஆனால் இதை மட்டும் நம்பி வழக்கு நடத்த நான் யாருக்கும் சொல்வதில்லை. கண்ணாடியை இறக்கியதும் வாடை வந்தது என்று அவர் சாட்சி சொன்னால் அந்த வாதம் அங்கேயே படுத்துவிடும்.

6. அந்த மெஷின் தப்பாக் காட்டும்னு சொல்றாங்களே, உண்மையா?

காட்டலாம். கருவி ரத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. மூச்சில் உள்ள ஆல்கஹாலை அளந்து, பொதுவாக 2,100-க்கு 1 என்ற விகிதத்தில் ரத்த அளவாகக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. வாயில் தங்கியிருக்கும் ஆல்கஹால் இந்தக் கணக்கைக் கெடுக்கும். மவுத்வாஷ் கொப்பளித்தவுடன், ஆல்கஹால் கலந்த இருமல் மருந்து குடித்தவுடன், ஏப்பம் விட்டவுடன் ஊதினால் எண் எகிறும். வாயில் உள்ளது சுமார் 15 நிமிடத்தில் போய்விடும். ரத்தத்தில் உள்ளது போகாது. அதனால் இடைவெளி விட்டு எடுக்கும் இரண்டாவது ஊதல்தான் உண்மையைச் சொல்லும்.

இதற்குக் கேரளத்தில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2025 ஜூலையில் பந்தளம் அரசுப் போக்குவரத்துக் கழக டிப்போவில் டிரைவர்கள் சிலர் காலைப் பரிசோதனையில் மாட்டினார்கள். யாரும் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள். அங்கே எல்லாரும் நன்கு கனிந்த பலாச்சுளை தின்றிருந்தார்கள். சந்தேகம் வந்து, பூஜ்யம் காட்டிய ஒருவருக்குச் சுளை கொடுத்து மறுபடி ஊதச் சொன்னார்கள். கருவி ஆல்கஹால் என்றது. புளிக்கத் தொடங்கிய பழம் செய்த வேலை. ஆனால் அது காட்டிய எண் சிறியது. 140 காட்டிய ரீடிங்கிற்குப் பலாப்பழக் கதை சொல்லிப் பயனில்லை.

கருவியின் தரம் தனிக் கேள்வி. ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் வெறும் காற்றை வைத்துப் பார்த்து அது பூஜ்யம் காட்ட வேண்டும். அந்தக் காற்றுச் சோதனையே பூஜ்யம் காட்டாத ஒரு வழக்கைக் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. கருவி கடைசியாக எப்போது அளவு சரிபார்க்கப்பட்டது, அதற்குச் சான்று உண்டா, மத்திய அரசு அங்கீகரித்த வகையா, ஊதுகுழல் புதிதா என்பவை குறுக்கு விசாரணையில் கேட்கவேண்டியவை. ரீடிங் 34, 38 என்று விளிம்பில் இருக்கும்போது இவை நிஜமாகவே வழக்கை மாற்றும்.

7. அப்போ அந்த இடத்துல நான் என்னென்ன கேக்கணும்?

முதலில் குரலைத் தாழ்த்துங்கள். வாக்குவாதம் கைகலப்பானால், 185-ஐவிடப் பெரிய பிரிவுகள் வந்து சேரும். அப்புறம் நிதானமாக நான்கு விஷயம்: உங்கள் கண் முன்னால் புது ஊதுகுழல் மாட்டச் சொல்லுங்கள். வெறும் கருவி பூஜ்யம் காட்டுவதைப் பாருங்கள். ரீடிங் வந்ததும் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள்; அதில் தேதி, நேரம், கருவி எண், உங்கள் பெயர், வண்டி எண் சரியா என்று படித்துவிட்டு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். சந்தேகமிருந்தால் 15 நிமிடம் கழித்து இன்னொரு தடவை ஊதவும், ரத்தப் பரிசோதனைக்கும் தயார் என்று சொல்லுங்கள்.

கேட்டதைத் தர மறுத்தால் சண்டை போடாதீர்கள். கையெழுத்துப் போடும் இடத்திலேயே "இரண்டாவது பரிசோதனை கேட்டேன், தரவில்லை" என்று ஒரு வரி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துக் கோர்ட்டில் நீங்கள் சொல்லும் பத்து வரியைவிட அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள், எத்தனை மணிக்கு ஊதினீர்கள், கூட யார் இருந்தார் என்பதை அன்றிரவே உங்களுக்கு நீங்களே வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள்.

8. ஊதவே இல்ல. ஜி.எச்-ல டாக்டர் மூந்து பாத்துட்டு எழுதிக் குடுத்தார். அது போதுமா?

185-க்கு அது மட்டும் போதாது. அந்தப் பிரிவில் ஆல்கஹாலைப் பொறுத்தவரை ஊதலிலோ ஆய்வகத்திலோ வந்த ஓர் எண் வேண்டும். வாயில் வாடை, தள்ளாட்டம், குழறல், விரிந்த கண்மணி ஆகியவற்றை வைத்து மட்டும் குடிபோதை என்று முடிவுகட்ட முடியாது, ரத்தமோ சிறுநீரோ பரிசோதிக்கப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் பச்சுபாய் ஹசனல்லி கார்யானி வழக்கில் 1971-ல் சொன்னது. இன்றும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறோம்.

டாக்டரின் சான்றை வரி வரியாகப் படியுங்கள். "மது அருந்தியிருக்கிறார், ஆனால் போதையில் இல்லை" என்று பல சான்றுகளில் இருக்கும். குற்றப்பத்திரிகையிலோ "போதையில் இருந்தார்" என்று மாறியிருக்கும். இந்த இடைவெளியை எத்தனையோ பேர் பார்க்காமலே அபராதம் கட்டிவிட்டுப் போகிறார்கள். ஆனால் இந்த வாதம் இன்சூரன்ஸ் வழக்கில் செல்லாது. அதைக் கேள்வி 18-ல் பாருங்கள்.

9. ரத்தம் எடுத்துட்டாங்க. ரிப்போர்ட் வந்தா கதை முடிஞ்சுதா?

ஊதலைவிட ரத்தம் வலுவான சாட்சி. டெல்லி லோதி சாலையில் 1999 ஜனவரியில் ஆறு பேர் இறந்த பி.எம்.டபிள்யூ விபத்தில் ஊதல் பரிசோதனை நடக்கவே இல்லை. விபத்து நடந்து பல மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் 100 மி.லி.க்கு 115 மி.கி. இருந்தது. ஊதல் இல்லாததால் எல்லாம் செல்லாது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2012-ல் ஏற்கவில்லை.

ஆனாலும் ரத்தம் பாட்டிலில் ஏறியதிலிருந்து அறிக்கை வரும் வரை ஒவ்வொரு படியும் கேள்விக்கு உரியது. ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார்களா? அந்த ஸ்பிரிட்டே ஆல்கஹால்தான். பாட்டிலில் சோடியம் புளோரைடு போட்டார்களா? போடாமல் வெயிலில் வைத்தால் ரத்தம் புளித்து ஆல்கஹால் உண்டாகலாம். சீல் வைத்தது யார், தடய அறிவியல் ஆய்வகத்துக்கு எந்தத் தேதியில் போனது, இடையில் எங்கே இருந்தது? பதிவேடுகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தாலே ஓட்டை இருந்தால் தெரியும்.

10. ராத்திரி ஸ்டேஷன்ல வெச்சிருப்பாங்களா? ஜாமீன் கிடைக்குமா?

சீருடையில் உள்ள அதிகாரி தன் கண்ணெதிரே 185 குற்றம் நடந்தால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம் என்கிறது 202-வது பிரிவு. அதே பிரிவில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது: கைதான இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரின் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். கைதான நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஸ்டேஷனிலேயே ஜாமீன் கேட்கலாம். பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு சாதாரணமாகக் கைது செய்யக்கூடாது. விதிவிலக்கான சூழலில் மட்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு, பெண் அதிகாரிதான் செய்யலாம். பெண்ணிடம் ரத்தம் எடுக்க வரும் டாக்டர் ஆண் என்றால், அங்கே உடன் ஒரு பெண் இருக்க வேண்டும்.

11. வண்டியையும் சாவியையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. எடுக்கலாமா?

வாகனத்தைப் பிடித்து வைக்க 207-வது பிரிவு அதிகாரம் தருகிறது. ஆனால் அது லைசென்ஸ் இல்லாதது, பதிவு இல்லாதது, பெர்மிட் இல்லாதது போன்றவற்றுக்கு. 185 அதில் இல்லை. இதை வைத்துத்தான் தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-ல் குடித்துவிட்டு ஓட்டியதற்காக மட்டும் வண்டியைப் பறிமுதல் செய்யக்கூடாது என்றது. கூட வந்தவர் குடிக்காமல், லைசென்ஸோடு இருந்தால் அவரிடம் தர வேண்டும். இல்லையென்றால் உறவினரை அழைக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் ஸ்டேஷனில் பத்திரமாக வைத்து, ஆவணம் காட்டி வருபவரிடம் கொடுக்க வேண்டும்.

அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டு போலீஸைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எடுத்துக்காட்டலாம். குடித்தவரிடமே சாவியைக் கொடுத்து அனுப்புங்கள் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாது என்பதையும் மனதில் வையுங்கள். குடிக்காத அண்ணனோ மச்சானோ லைசென்ஸும் ஆர்.சி.யுமாக ஆட்டோ பிடித்து வந்தால் பெரும்பாலும் விஷயம் அன்றிரவே முடியும்.

12. நான் ஓட்டவே இல்ல. வண்டியை ஓரமா நிறுத்திட்டுத் தூங்கிட்டு இருந்தேன்.

சட்டம் கேட்பது "ஓட்டினார் அல்லது ஓட்ட முயன்றார்" என்பது. நிறுத்திய வண்டியில் தூங்குவது இரண்டிலும் வராது. ஆனால் டிரைவர் சீட்டில், இன்ஜின் ஓட, சாவி போட்டபடி இருந்தால் "ஓட்ட முயன்றார்" என்ற கதைக்கு இடம் கொடுக்கிறீர்கள். அதுவும் வண்டி நடுரோட்டில் நின்றால், அங்கே அது எப்படி வந்தது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

13. நான் குடிக்கவே இல்ல, பின்னாடி உக்காந்துதான் வந்தேன். எனக்கு எதுக்கு 10,000?

188-வது பிரிவு. 185 குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை. சென்னையில் 2022 அக்டோபரிலிருந்து பின்னால் உட்கார்ந்தவர்கள் மேலும் இதைப் போடுகிறார்கள். கூட உட்கார்ந்திருப்பது தானாகவே உடந்தை ஆகிவிடுமா? ஆகாது என்பது என் கருத்து. உடந்தை என்றால் தூண்டுதலோ தெரிந்தே செய்த உதவியோ வேண்டும். உங்கள் வண்டியின் சாவியை, அவன் குடித்ததைப் பார்த்துவிட்டு, நீங்களே கொடுத்திருந்தால் தப்பிப்பது கஷ்டம். லிப்ட் கேட்டு ஏறியவர், ஆப் மூலம் பைக் டாக்ஸி பிடித்தவர் என்றால் எதிர்த்து நில்லுங்கள். புக்கிங் விவரம் போனில் இருக்கும், அழிக்காதீர்கள்.

14. பாண்டிச்சேரில குடிச்சதுக்கு இங்க எப்படிப் பிடிப்பாங்க?

எங்கே குடித்தீர்கள் என்பது பொருட்டே இல்லை. இது மத்தியச் சட்டம், புதுச்சேரியிலும் அதே 30 மி.கி.தான்.

15. கோர்ட்ல "ஆமா"ன்னு ஒத்துக்கிட்டுக் கட்டிடலாமா, இல்ல நடத்தணுமா?

ரீடிங் 90, 120 என்று இருந்து, ஆவணங்கள் சரியாக இருந்து, இது முதல் தடவையாகவும் இருந்தால், ஒத்துக்கொண்டு அபராதத்தோடு முடிப்பதுதான் பெரும்பாலானோருக்குச் சரி. வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்து அதே 10,000 கட்டுவதில் என்ன இருக்கிறது? விளிம்பு ரீடிங், பிரிண்ட் இல்லாத வழக்கு, ஓட்டியது நீங்கள்தானா என்பதே சந்தேகமான வழக்கு, டிரைவர் வேலையை நம்பிப் பிழைப்பவர் என்றால் நடத்துங்கள்.

ஒத்துக்கொள்வதன் விலையைத் தெரிந்துகொண்டு ஒத்துக்கொள்ளுங்கள். அது அபராத ரசீது மட்டுமல்ல, குற்றவாளி என்ற தீர்ப்பு. அடுத்த தடவை மாட்டினால் 15,000 கணக்கு இதிலிருந்துதான் தொடங்கும். ஒத்துக்கொண்டபின் அப்பீல் போனால் தண்டனை அதிகம், சட்டப்படி சரியில்லை என்று மட்டும்தான் கேட்க முடியும். குற்றமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பாஸ்போர்ட்டுக்கு அபராதத் தீர்ப்பு பொதுவாகத் தடையாகாது. விசித்திரம் என்னவென்றால், நிலுவையில் இருக்கும் வழக்குதான் பாஸ்போர்ட்டில் அதிகம் படுத்துகிறது. வெளிநாட்டு வேலைக்குக் காத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் பாருங்கள். ஆறு மாதம் வரை சிறை உள்ள குற்றம் என்பதால் ஒரு வருடத்துக்குள் வழக்கு கோர்ட்டுக்கு வந்திருக்க வேண்டும். தேதி தாண்டியிருந்தால், தாமதத்தை மன்னிக்கத் தகுந்த காரணம் சொல்லப்பட்டதா என்று கேட்கலாம்.

16. லைசென்ஸை வாங்கிட்டு ஒரு சீட்டு குடுத்தாங்க. அதை வெச்சு ஓட்டலாமா?

ஓட்டக்கூடாது. 185 வழக்கில் லைசென்ஸைப் பிடித்து ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பும்போது தரப்படும் அந்தச் சீட்டு ஓட்டும் அனுமதி இல்லை என்று 206-வது பிரிவே சொல்கிறது. பழைய நடைமுறையை நினைத்து ஓட்டி, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினார் என்று இன்னொரு வழக்கு வாங்குகிறவர்கள் உண்டு.

லைசென்ஸை முடக்கும் அதிகாரம் ஆர்.டி.ஓ.வுக்குத்தான், அதுவும் உங்களை அழைத்து, நீங்கள் சொல்வதைக் கேட்டு, காரணம் எழுதி. முதல் தடவைக்கு மூன்று மாதம், மறுபடி என்றால் ரத்து. விளக்கம் கேட்டு வரும் கடிதத்துக்குப் பதில் போடாமல் விடுவதுதான் நான் பார்க்கும் பெரிய தவறு. ஆணை வந்தபின் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

17. கேமரா சலான் வந்திருக்கு. அந்த நாள் நான் அந்த ஊர்லயே இல்ல! வண்டியும் வித்துட்டேன்! பழைய சலானும் நிறைய கிடக்கு!

மூன்று தனித்தனிப் பிரச்சினை. முதலில் படத்தைத் திறந்து பாருங்கள். நம்பர் பிளேட்டில் 8-ஐ 3 என்று கருவி படிப்பதும், உங்கள் எண்ணை வேறொருவன் மாட்டிக்கொண்டு திரிவதும் நடக்கிறது. வண்டியின் நிறம், மாடல், ஸ்டிக்கர், கீறல் ஒத்துப்போகவில்லை என்றால் உங்கள் வண்டியின் படத்தோடு ஆட்சேபம் போடுங்கள். போலி எண் என்றால் போலீஸில் புகாரும் கொடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் சேர்க்கப்பட்ட 167ஏ விதிப்படி அந்தக் கேமராவுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அங்கீகாரச் சான்று வேண்டும், அப்படிக் கண்காணிக்கும் இடம் என்று முன்னாலேயே பலகை இருக்க வேண்டும், 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதிவேகத்துக்கும் ஆபத்தாக ஓட்டியதற்கும் 209-வது பிரிவு கூடுதல் பாதுகாப்பு தருகிறது: அங்கேயே எச்சரித்திருக்க வேண்டும், அல்லது 14 நாளுக்குள் நோட்டீஸ், அல்லது 28 நாளுக்குள் சம்மன். பெயரும் முகவரியும் முயன்றும் கிடைக்காததாலோ, உங்கள் நடத்தையாலோ நோட்டீஸ் தவறியிருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

விற்ற வண்டி என்றால் கேள்வி ஒன்றே: ஆர்.சி. யார் பெயரில்? டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்கியதெல்லாம் உங்களுக்கும் வாங்கியவருக்கும் இடையிலான காகிதம். பதிவேட்டில் பெயர் மாறும் வரை நீங்கள்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் 2018-ல் சொல்லியிருக்கிறது. அது விபத்து இழப்பீட்டு வழக்கு. சலானுக்கும் முதலில் தேடி வருவது உங்களைத்தான்.

பழைய சலான்கள் தானாக மறையாது. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்கு ஆறு மாதத்துக்குள் கோர்ட் நடவடிக்கை தொடங்கியிருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு, அதாவது சலான் வழக்குகளை ஆன்லைனில் பார்க்கும் கோர்ட்டுக்கு, எப்போதோ அனுப்பியிருப்பார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்காது. அங்கே வண்டி எண் போட்டுப் பாருங்கள். கட்டலாம், அல்லது எதிர்க்கிறேன் என்று தேர்ந்தெடுத்தால் வழக்கமான கோர்ட்டுக்குப் போகும். கட்டி முடிக்கக்கூடிய சலான்களுக்கு லோக் அதாலத்தும் (மக்கள் நீதிமன்றம்) ஒரு வழி.

18. குடிச்சிருந்தப்ப வண்டி இடிச்சிடுச்சு. இன்சூரன்ஸ் வருமா?

உங்கள் வண்டியின் சேதத்துக்கு வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டெல்லி இந்தியா கேட் அருகே 2007 டிசம்பரில் ஒரு போர்ஷே கார் கட்டுப்பாடிழந்து மோதி, கவிழ்ந்து எரிந்தது. ஊதல் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. டாக்டர் குறித்த வாடையையும் விபத்து நடந்த விதத்தையும் வைத்தே கம்பெனி மறுத்தது சரி என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. கேள்வி 8-ல் உங்களைக் காப்பாற்றிய "எண் இல்லை" என்ற வாதம் இங்கே காப்பாற்றாததற்குக் காரணம், பாலிசியில் 30 மி.கி. என்று எழுதியிருக்காது, போதையில் ஓட்டக்கூடாது என்றுதான் இருக்கும்.

அடிபட்ட மூன்றாவது ஆளுக்கு வேறு கணக்கு. கம்பெனி முதலில் அவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அந்தப் பணத்தை உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்று கோர்ட்டுகள் உத்தரவிடுகின்றன. லட்சக்கணக்கில் வரும். 10,000 ரூபாய் அபராதத்தைப் பற்றியே கவலைப்படுபவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

19. ஆள் செத்துட்டா "விபத்து" கேஸ்தானே போடுவாங்க?

அப்படியே நிற்கும் என்று எண்ணாதீர்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், அலட்சியத்தால் மரணம் என்ற 106-வது பிரிவில் ஐந்து வருடம் வரை. குடித்துவிட்டு ஓட்டினால் ஆள் சாகலாம் என்று தெரிந்தே ஓட்டினார் என்று கோர்ட் எடுத்துக்கொண்டால், கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற 105-க்கு, பத்து வருடம் வரைக்குப் போகும். மும்பை கார்ட்டர் சாலையில் 2006-ல் நடைபாதையில் தூங்கிய ஏழு தொழிலாளர்கள் இறந்த அலிஸ்டர் பெரேரா வழக்கில் பழைய சட்டத்தில் இதற்கு இணையான பிரிவில்தான் தண்டனை உறுதியானது.

பரிசோதனைக்குப் பயந்து ஓடிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், போலீஸுக்குத் தெரிவிப்பதும் 134-வது பிரிவில் உங்கள் கடமை. ஓடினால் அது தனிக் குற்றம். தண்டனை சொல்லும் நேரத்தில் அது உங்களுக்கு எதிராகவே பேசும். கூட்டம் அடிக்க வருகிறது என்றால் நேராக ஸ்டேஷனுக்குப் போங்கள், அதைச் சட்டம் புரிந்துகொள்கிறது.

20. ஃப்ரெண்டு குடிக்கல. அவன்தான் ஓட்டினான்னு மாத்திச் சொல்லிடலாமா சார்?

கூடாது. பொய்ச் சாட்சியும் சாட்சியத்தை மாற்றுவதும் 185-ஐவிடப் பல மடங்கு கனமான குற்றங்கள், அதில் உங்கள் நண்பனும் சேர்ந்து மாட்டுவான். டோல் கேட், பெட்ரோல் பங்க், பார் வாசல் எல்லாவற்றிலும் கேமரா இருக்கிறது. உங்கள் போனும் அன்றிரவு எங்கே இருந்தது என்று சொல்லும். 2024 மே மாதம் புனேவில் இரண்டு பேர் இறந்த போர்ஷே விபத்தில், சிறுவன் ஓட்டியதை மறைக்க டிரைவரைப் பழி ஏற்கச் சொன்னதாகவும் ரத்த மாதிரியை மாற்றியதாகவும் எழுந்த குற்றச்சாட்டுகளில் பெற்றோரும் டாக்டர்களும் கைதானார்கள். இந்த யோசனையோடு வருபவர்களின் வழக்கை நான் எடுப்பதில்லை. நீங்கள்தான் ஓட்டினீர்கள் என்றால், பிரிண்ட்டையும் டாக்டர் சான்றையும் கொண்டுவாருங்கள். கேள்வி 6-லிருந்து 9 வரை உள்ளதை வைத்து என்ன செய்யமுடியும் என்று பார்க்கலாம்.